பொம்மை ரயில் என்று சிரிக்காதீர்கள்

யூட்யூபில் ஒரு வீடியோ. தலை நரைத்த ஒருவர், முழங்கால் உயரம்கூட இல்லாத நீராவி எஞ்சினுக்குப் பின்னால் சின்ன வண்டியில் உட்கார்ந்து, கரண்டி கரண்டியாக நிலக்கரி போட்டு ஓட்டிக்கொண்டு போகிறார். எஞ்சின் முழுக்க அவரே லேத்தில் கடைந்து செய்தது. விடுதி அறையில் போட்டுக் காட்டினேன். "இந்த ஆளுக்கு வேற சோலி இல்லையா மக்கா?" என்றான் நண்பன். அறையே சிரித்தது.

சிரித்த அத்தனை பேரும் மெக்கானிக்கல் படிக்கிறவர்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

நிஜ எஞ்சினைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். பாய்லரின் கொள்ளளவு 1728-இல் ஒரு பங்காகிவிடும். வெப்பத்தை வெளியே விடும் மேற்பரப்போ 144-இல் ஒரு பங்காகத்தான் குறையும். உள்ளே இருக்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால் வெப்பம் போக 12 மடங்கு வழி. வரைபடத்தை அப்படியே சுருக்கினால் வேலைக்காகாது. ஒவ்வொன்றையும் யோசித்து மாற்ற வேண்டும்.

இதை வைத்து 1920-களில் இங்கிலாந்தில் பெரிய சண்டையே நடந்தது. சின்ன எஞ்சினுக்கு நிலக்கரி சரிப்படாது, ஸ்பிரிட் விளக்குதான் என்றது ஒரு கட்சி. 'மாடல் இன்ஜினியர்' பத்திரிகையில் எல்.பி.எஸ்.சி. என்ற பெயரில் எழுதியவர், இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் தன் 'ஆயிஷா'வில் நிலக்கரி எரித்து, ஆட்களை இழுத்துக் காட்டினார். வாதத்தை முடித்தது ஓடிய எஞ்சின்.

"நீராவிக் காலம் போச்சே" என்பீர்கள். பக்கத்தில் கூடங்குளத்தில் அணுவைப் பிளந்து என்ன செய்கிறார்கள்? தண்ணீரைக் கொதிக்கவைத்து, நீராவியால் டர்பைனைச் சுற்றுகிறார்கள். பழைய நினைப்பில் உருகுகிறேன் என்றும் சொல்லாதீர்கள். இந்தியா நீராவி எஞ்சின் செய்வதை நிறுத்தியது 1972-இல். நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-இல்.

"பாய்லர் வெடிக்குமே?" நெருப்பு மூட்டும் முன் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு ஏற்றிச் சோதிப்பார்கள். தண்ணீர் அமுங்காது, பற்று விட்டால் வெடிக்காமல் ஒழுகும். இதுவும் ஒரு பாடம்தானே?

"இங்கே யார் செய்வது?" பொன்மலைப் பணிமனையில் 2010-களில் ஊட்டி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களையே கட்டினார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சின்ன பாய்லர் செம்புத் தகடுதான். அதை ஒட்டுவது வெள்ளிப் பற்றாசு. கோயில் நகை செய்கிற நம் வடசேரி ஆசாரிமார் தலைமுறை தலைமுறையாகப் பற்றவைப்பவர்கள். நாம் ஒருநாளாவது அங்கே போய் நின்று பார்த்திருக்கிறோமா?

நாம் செய்தது என்ன? இறுதியாண்டு புராஜெக்டை ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கினோம். நானும்தான். அறிக்கையும் அங்கேயே தந்தார்கள். வைவாவில் அதைத் திறந்துகூடக் காட்டச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் திறக்கத் தெரிந்திருக்காது.

நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு எஞ்சினைத் தொடங்கட்டும். இந்த ஆண்டுக்காரர்கள் சக்கரமும் சட்டமும், அடுத்தவர்கள் சிலிண்டரும் வால்வும், அதற்கடுத்தவர்கள் பாய்லர். ஓடினால் பாஸ், ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்று சொல்லத் தெரிந்தாலும் பாஸ்.

அந்தப் பெரியவர் தன் எஞ்சினில் எந்தத் திருகைக் கேட்டாலும் பதில் சொல்வார். இப்போது சொல்லு மக்கா, சோலி இல்லாதது யாருக்கு?