சுழற்சி உணரியும் சுழலாத மூளையும்

அறிவியலைத் தமிழிற் சொல்லவியலாது எனப் பிதற்றுவோர் இன்னும் உளர். 'சுழற்சி உணரி' எனும் சிறு கருவியே அவர் கூற்றைப் பொய்ப்பிக்கும்.

அதனுள் நுண்பிளவுகள் கொண்ட தட்டொன்று சுழலும். ஒருபுறம் ஒளி, மறுபுறம் இரண்டு ஒளியுணரிகள். பிளவுவழி வரும் ஒளித்துடிப்புகளின் எண்ணிக்கை, அச்சு திரும்பிய கோணத்தைச் சொல்லும். ஒளியுணரிகளுள் எது முந்துகிறது என்பது, சுழற்சி வலமா இடமா எனக் காட்டும். சுற்றொன்றுக்கு 1440 எண்ணும் கருவி, கால் பாகைத் திருப்பத்தையும் பிரித்தறியும். இதில் தமிழுக்கு எட்டாதது எது?

தமிழ்வழி மாணவன் உணரியைத் தாங்கியிற் பொருத்துகின்றான். படிக்கப்பியில் நூல் சுற்றி எடையைத் தொங்கவிடுகின்றான். கோணத்தை நீளமாக மாற்ற, நூல் எந்தப் பள்ளத்தில் உள்ளதெனக் கணிப்பொறித் திரை ஆங்கிலத்தில் வினவுகின்றது. விளங்காமல் ஏதோவொன்றைத் தொடுகின்றான். உள்ள ஆரைக்கு இருமடங்கு ஆரையைக் கொடுத்தால், முடுக்கமும் இருமடங்காகவே வரும். பிழை அவன் அறிவினதா, அயன்மொழித் திரையினதா?

முடுக்கம், கோண உந்தம், நிலைமத் திருப்புத்திறன் ஆகியன தமிழ்ப் பள்ளிநூல்களில் வழங்கும் சொற்களே. நூலில் உள்ள சொல்லைத் திரையில் ஏற்றத் தடுப்பது சொல்வறுமையன்று, மானவறுமை! 'ரோட்டரி மோஷன் சென்சார்' எனப் பொறித்துவிட்டால் தமிழாகிவிடுமா? எழுத்து தமிழாயினும் அடிமைத்தனம் அடிமைத்தனமே.

1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் மேடையோடு முடிவதன்று. செய்முறைக் கூடத்துள்ளும் புகவேண்டும். தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் கூடியமர்ந்து, கருவியமைக்கும் முறையைத் தூய தமிழில் ஒரு தாளில் எழுதி அதனருகே ஒட்டட்டும். அன்று தமிழ் மாணவன் விசையழுத்தும் ஏவலனாக இரான். இயற்கையை வினவும் அறிஞனாக எழுவான்!