உம்மா ஏன் இரவில் உறங்கவில்லை?



புளியங்கூடலுக்கு நான் முதன்முதலாகப் போனது என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் தமிழ் ஆசிரியர் ஒருவரின் தாயாரைப் பார்க்கத்தான். யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறை பஸ் ஏறினால் பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று கடந்து போகவேண்டும். தீவுப்பகுதி எங்கும் பூட்டிய வீடுகள். பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்க, ஊரில் மிஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். நண்பரின் தாயாருக்கு மறதி நோய். எங்கள் உம்மாவுக்கும் அதுதான். அந்த வீட்டில் தாயார் இரவில் நிம்மதியாக உறங்குகிறார் என்று நண்பர் சொன்னபோது, உண்மையைச் சொன்னால், நான் நம்பவில்லை. நேரில் பார்க்கவே போனேன்.

முதலில் எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். 2022ஆம் ஆண்டு நோன்பு முடிந்த பிறகு உம்மாவின் மறதி கூடியது. அடுப்பில் வைத்ததை மறந்தார், பேரப்பிள்ளைகளின் பெயர்களை மாற்றி அழைத்தார். "வயசு போனா அறளை பெயரத்தானே செய்யும்" என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். பின்பு இரவுகள் தொடங்கின. நள்ளிரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுந்து அலுமாரியைத் திறந்து உடுப்புகளை எடுத்து ஒரு பெட்ஷீட்டில் மூட்டை கட்டுவார். "எழும்பு மகன், ரெண்டு மணித்தியாலந்தான் தந்திருக்கிறாங்க, லொறி போயிடும்" என்பார். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணச் சோனகத் தெருவிலிருந்து எங்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னபோது எனக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. புத்தளத்தில் அகதியாக வளர்ந்து, யுத்தம் முடிந்தபின் மீண்டும் வந்து குடியேறியவர்கள் நாங்கள். உம்மா மட்டும் ஒவ்வொரு இரவும் திரும்பவும் வெளியேறிக்கொண்டிருந்தார்.

அக்கம்பக்கத்தில் இதற்கு வேறு காரணம் சொன்னார்கள். ஜின் தீண்டியிருக்கும் என்றார்கள், தாயத்துக் கட்டச் சொன்னார்கள். மௌலவியாகிய என்னிடமே வந்து சொன்னார்கள்! நான் தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். தாய்க்காக ஓதுவதும் துஆ கேட்பதும் மகனின் கடமைதான். ஆனால் ஓதிவிட்டேன் என்று வைத்தியரிடம் போவதை ஆறு மாதம் தள்ளிப்போட்டேனே, அது என் தவறு. அடுத்த தவறு அதைவிடப் பெரிது. வைத்தியரிடம் கேட்காமல் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் இரவு மலசலகூடத்துக்குப் போகும்போது தள்ளாடி விழுந்து உம்மாவின் மணிக்கட்டு முறிந்தது.

இத்தனைக்கும் நாங்கள் உம்மாவை அன்பாகத்தான் வைத்திருந்தோம். காலையில் பால்தேநீர் கட்டிலுக்கே வரும், சாப்பாடும் அங்கேதான். "மாமி, நீங்க ஒண்டும் செய்ய வேணாம், படுங்க" என்பாள் என் மனைவி. ஜன்னலை வெயில் அடிக்கும் என்று சாத்தி வைப்போம். உம்மா பகலில் நான்கு, ஐந்து மணி நேரம் கண்ணயர்ந்துவிடுவார். பாவம், உறங்கட்டும் என்று நாங்கள் சத்தம் போடாமல் நடப்போம்.

புளியங்கூடல் வீட்டில் நான் கண்டதோ நேர்மாறு. காலை எட்டு மணி இருக்கும். எண்பதைக் கடந்த அந்த அம்மா ஈர்க்கு விளக்குமாற்றால் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினார், யாரும் தடுக்கவில்லை. பிறகு மருமகள் கையைப் பிடித்து ஒழுங்கை முனைவரை நடத்திக்கொண்டு போய் வந்தார். வந்ததும் விறாந்தையில் கதிரை போட்டு, வெளிச்சம் பார்க்க இருத்தி, கையில் பனங்குருத்தோலையைக் கொடுத்தார். அந்த அம்மா இளவயதில் பெட்டி இழைத்தவராம். பெட்டி முடியாது, இழைத்ததை இரவில் மருமகள் அவிழ்த்து வைப்பார், மறுநாள் மறுபடி இழைப்பார். "மௌலவி, பகல் முழுக்கப் படுக்க விட்டா இரவு எப்பிடி நித்திரை வரும்? கைக்குழந்தைக்கும் அப்பிடித்தானே?" என்று அந்தச் சகோதரி கேட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

நம் மூளைக்குள், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசிமணியைவிடச் சிறிய ஒரு பகுதி இருக்கிறது. அதுவே உடலின் கடிகாரம். காலை வெளிச்சம் கண்ணில் படும்போது அது நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. இருட்டியபின் மெலட்டோனின் என்ற சுரப்பு ஏறி உறக்கத்துக்கு வழி செய்வதும் அதன் ஏற்பாட்டில்தான். அல்சைமர் நோயில் அந்தக் கடிகாரத்தின் உயிரணுக்களும் குறைந்து போகின்றன. தளர்ந்த கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வேண்டிய நேரத்தில் நாம் ஜன்னலைச் சாத்துகிறோம். அறைக்குள் இருக்கும் வெளிச்சம் 100, 200 லக்ஸ்தான் வரும். முற்றத்து வேப்பமர நிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். கண்ணில் வெண்புரை இருந்தால் இந்த வெளிச்சமும் குறைவாகவே உள்ளே போகும், ஆகவே கண்ணையும் வைத்தியரிடம் காட்டுவது நல்லது. இரண்டாவது விஷயம், விழித்திருந்து உடம்பை அசைக்க அசைக்கத்தான் உறக்கத்துக்கான பசி சேர்கிறது. பகலில் கொறித்துக்கொண்டே இருப்பவருக்கு இரவுச் சாப்பாடு இறங்காதல்லவா, அதுபோலத்தான்.

இதை அமெரிக்காவில் வீடுகளிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சூசன் மக்கரியும் குழுவினரும் 2005இல் 36 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு அது. ஒரு பகுதியினருக்குத் தினமும் அரை மணி நேர நடை, வெளிச்சம், ஒழுங்கான படுக்கை நேரம். இவற்றைச் செய்விக்கும் விதத்தை வீட்டில் பராமரிப்பவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் இரவில் விழிக்கும் தடவைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. 2011இல் 132 பேரிடம் மீண்டும் பார்த்தபோது, வாரத்தில் நான்கு நாளாவது விடாமல் செய்தவர்களுக்கே பலன் நன்றாகக் கிடைத்தது. அங்கே வெளிச்சத்துக்கு விசேட விளக்குப்பெட்டி வாங்கினார்கள். நம் தீவுகளுக்கு அல்லாஹ் அதை இலவசமாகவே தந்திருக்கிறான்!

நடந்தால் ஞாபகம் திரும்பிவிடும் என்று மட்டும் யாரும் எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தில் 494 நோயாளிகளை வைத்து நடத்திய கடுமையான உடற்பயிற்சி ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. உடம்பு பலப்பட்டது, மறதி குறையவில்லை. நாம் தேடுவது இரவு உறக்கத்தை, அதோடு விழாமல் நடக்கும் கால்பலத்தை.

எங்கள் வீட்டில் அடுத்த வாரமே மாற்றினோம். பஜ்ருக்குப் பின் ஜன்னல்கள் திறந்துவிடும். ஏழு மணிக்கு முற்றத்தில் பத்துச் சுற்று. "பெண்பிள்ளைகள் றோட்டில் நடப்பதா?" என்று தயங்கும் குடும்பங்களுக்கும் சொல்கிறேன், வளவுக்குள் நடப்பதும் நடைதான். பிறகு சுளகில் அரிசி புடைப்பார், கீரை ஆய்வார். பத்து மணிக்கு என் மனைவி துவைத்துக் காய்ந்த துணிகளைக் கொண்டுவந்து மடிக்கக் கொடுப்பாள். மூட்டை கட்டிய கைகளல்லவா, அழகாக மடிப்பார். லுஹருக்குப் பின் கைலூலா, அதாவது பகல் சிறுதூக்கம், அரை மணி நேரம் மட்டும். அஸருக்குப் பின் தேநீர் கிடையாது. நீர் போகச் செய்யும் மாத்திரை இருந்தால் அதைக் காலையில் கொடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள், நாங்கள் கேட்டு மாற்றினோம்.

தொழுகையைப் பற்றிப் பல சகோதரிகள் கேட்பதுண்டு. அறிவு கலங்கியவர் மீது தொழுகையும் நோன்பும் கடமையில்லை. எங்கள் உம்மாவோ பாங்குச் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவார். சில நாள் அஸரை நான்கு தடவை தொழுவார். "இப்பதானே தொழுதீங்க" என்று சொல்லப்போய் முன்பெல்லாம் சண்டை வந்தது. இப்போது தொழட்டும் என்று விடுகிறோம். குனிவதும் எழுவதும் அவருடைய உடம்புக்கும் நல்லது. தள்ளாடுவதால் பக்கத்தில் ஒரு கதிரை வைத்திருக்கிறோம்.

மஃரிப் நேரம்தான் மிகக் கடினம். இருட்டத் தொடங்கும்போது மனம் பதறுவது இந்த நோயில் சாதாரணம். அந்நேரம் விளக்குகளை முன்கூட்டியே போட்டு, தொலைக்காட்சியை நிறுத்தி, யாராவது பக்கத்தில் இருந்து ஓதினால் அமைதி வருகிறது. "லொறி போயிட்டுது உம்மா, இது நம்மட வீடுதான்" என்று வாதாடிப் பயனில்லை. "விடியட்டும் உம்மா, சேர்ந்து போவோம்" என்றால் படுத்துக்கொள்வார். இரவில் மலசலகூடம் வரை சின்ன மின்விளக்கு எரியவேண்டும். யாழ்ப்பாணத்து வீடுகளில் கிணறு முற்றத்தில் இருப்பதால் அதற்கு மூடி அவசியம். புளியங்கூடலில் கம்பிவலை போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

ஓரிரு நாளில் திடீரென்று இரவுக்குழப்பம் கூடினால் அதை மறதி நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சிறுநீர்க் கிருமி, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, சொல்லத் தெரியாத ஒரு வலி என்று காரணம் இருக்கும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

2003இல் வெளியான ராகமை ஆய்வொன்றில் 65 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேருக்கு இந்நோய் காணப்பட்டது. இத்தனை வீடுகளிலும் இரவில் விழித்திருப்பவர் யார்? மகளோ மருமகளோதான். எங்கள் வீட்டிலும் ஓராண்டு அப்படியே இருந்தது. பள்ளியில் பெற்றோர் கடமை பற்றிப் பயான் செய்துவிட்டு வந்து நான் உறங்குவேன், என் மனைவி உம்மாவோடு விழித்திருப்பாள். ஒருநாள் அடுப்படியில் நின்றபடியே கண்ணயர்ந்து கையைச் சுட்டுக்கொண்டாள். மாமியாருக்குப் பணிவிடை செய்வதை ஷரீஅத் மருமகள் மீது கடமையாக்கவில்லை. அவள் செய்வது அவளுடைய நற்குணம். கடமை பெற்ற பிள்ளைகள் மீது. இதைப் படிக்கும் சகோதரிகள் வீட்டு ஆண்களுக்கும் வாசித்துக் காட்டலாம். இப்போது இரண்டு மணிக்கு மேல் என் முறை. கொழும்பிலிருக்கும் ராத்தா மாதத்தில் ஒரு வாரம் வந்து நிற்கிறார்.

இரவு முழுதும் உறங்குகிறாரா என்றால், இல்லை. வாரத்தில் ஐந்து நாள் போல உறங்குகிறார். முன்பு ஒரு நாள்கூட இல்லை. மற்ற நாட்களில் அலுமாரி திறக்கும் சத்தம் கேட்கும். நான் எழுந்து போய், மூட்டையின் மறு நுனியைப் பிடித்துக்கொள்வேன்.

சென்ற மாதம் மீண்டும் புளியங்கூடலுக்குப் போயிருந்தேன். அந்த அம்மாவுக்கு இழைக்க வரவில்லை, ஓலையை வார்ந்து போடுகிறார். ஒழுங்கை முனைவரை நடந்தவர் இப்போது படலைவரைதான் நடக்கிறார். "படலைவரை எண்டாலும் ஒருநாளும் விடுறேல்லை, மௌலவி" என்றார் மருமகள்.