இரும்புக்கரம் வீடு கட்டித் தருமா?



அண்மையில் தலைமைத்துவப் பயிலரங்கு ஒன்றில் கலந்துகொண்டேன். "போரால் சீர்குலைந்த நாட்டில் எல்லாரையும் கலந்துபேசிக்கொண்டிருந்தால் ஒரு செங்கல்கூட எழும்பாது. அங்கே இரும்புக்கரம்தான் வேண்டும்," என்றார் பேச்சாளர். அரங்கம் கைதட்டியது. என்னால் கைதட்ட இயலவில்லை.

காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை நம் பினாங்கையும் கெடாவையும்கூட விட்டுவைக்கவில்லை. பள்ளி திறந்ததும் என் மாணவர்கள் மைலோ டின்களில் சில்லறை சேர்த்தார்கள். "ஐயா, இந்தக் காசில் அங்கே வீடு கட்டுவார்களா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "கட்டுவார்கள்" என்றேன். அப்போது பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த எனக்கு, அந்த விடைக்குப் பின்னால் எத்தனை சிக்கல்கள் உள்ளன என்பது தெரியாது.

மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட இரண்டு இடங்கள் அச்சேயும் இலங்கையும். இரண்டிலும் உள்நாட்டுப் போர் முடிந்திருக்கவில்லை. இரண்டிற்கும் உலகம் பணத்தை வாரி வழங்கியது. பணிகள் நடந்த விதமோ வேறு வேறு.

இந்தோனேசிய அரசு முதலில் என்ன செய்தது? ஜகார்த்தாவில் அமர்ந்தபடி, கடலோரத்தில் இரண்டு கிலோமீட்டருக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று திட்டம் வரைந்தது. மக்கள் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 2005 ஏப்ரலில் பி.ஆர்.ஆர். எனும் மறுசீரமைப்பு முகமை அமைக்கப்பட்டது. அதன் தலைவர் குந்தோரோ மங்குசுப்ரோதோ, முன்னாள் அமைச்சர், பாண்டுங் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர். முகமையின் தலைமையகம் ஜகார்த்தாவில் அன்று, பண்டா அச்சேயிலேயே அமைந்தது. முகமைக்குள்ளேயே ஊழல் தடுப்புப் பிரிவு இயங்கியது. அரசை எதிர்த்துப் போரிட்ட அச்சே விடுதலை இயக்கத்தைச் சேர்ந்தோருக்கும் பணியில் இடம் கிடைத்தது. பல சிற்றூர்களில் எந்த நிலம் யாருடையது என்பதை அக்கம்பக்கத்தாரே கூடி உறுதிசெய்தார்கள். சில திட்டங்களில் பணம் குடும்பக் குழுக்களிடமே தவணை தவணையாகக் கொடுக்கப்பட்டது; அவர்களே தங்கள் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். 2009 ஏப்ரலில் முகமை கலைக்கப்பட்டபோது, அதுவும் பிற அமைப்புகளும் சேர்ந்து கட்டிய வீடுகள் ஏறத்தாழ 1,40,000.

இலங்கையிலும் தடை வந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். ஏன் இந்த வேறுபாடு என்று தமிழரும் முஸ்லிம்களும் கேட்டார்கள். நிறைவான விடை கிடைக்கவில்லை. மீனவர் குடிசைக்குத் தடை. சுற்றுலா விடுதிகளுக்கோ விலக்கு. கொழும்பில் அமைந்த பணிக்குழுவில் பெரும்பாலும் வணிகத் துறையினரே இருந்தனர். தடை பின்னர் தளர்த்தப்பட்டது உண்மை. ஆனால் அதற்குள் எத்தனை மாதங்கள் மக்கள் கூடாரங்களில் கழித்தார்கள்! அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24இல் கையொப்பமிட்ட பொதுக் கட்டமைப்பின் முக்கியப் பகுதிகளுக்கு, மூன்றே வாரத்தில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அது செயல்படவே இல்லை.

"அச்சேயில் 2005 ஆகஸ்டு 15இல் ஹெல்சிங்கி உடன்பாடு வந்தது, இலங்கையில் அமைதி வரவில்லை, தலைமையை ஏன் குறை சொல்கிறீர்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமைதி பெரிய துணைதான். ஆனால் மீனவரிடம் "உமக்கு எங்கே வீடு வேண்டும்?" என்று கேட்க எந்த உடன்பாடு தேவை? இரண்டு அரசுகளும் ஒரே தவற்றைத்தான் செய்தன. ஒன்று விரைவில் திருத்திக்கொண்டது. மற்றொன்று தாமதித்தது.

அச்சேயைப் பொற்காலம் என்று நான் பாடவில்லை. தரமற்ற வீடுகளும் எழுந்தன. அலையால் வீடிழந்தவருக்குக் கிடைத்த கவனம், போரால் வீடிழந்தவருக்குக் கிடைக்கவில்லை. குந்தோரோ மென்மையானவர் என்பதும் என் வாதமன்று. அதிபரின் நேரடி ஆதரவும் பேரளவு அதிகாரமும் அவருக்கு இருந்தன. அந்த அதிகாரம் களத்தில் இருந்தது, கணக்குக் காட்டியது, எதிரியாய் இருந்தவனுக்கும் நாற்காலி போட்டது. இதற்குப் பெயர் இரும்புக்கரம் இல்லை.

அமைதியான நாட்டில் தலைவர் கேளாமல் செய்தால் மக்கள் முணுமுணுப்பார்கள். பிளவுபட்ட சமூகத்திலோ, "இது அவர்களுக்குத்தான், நமக்கில்லை" என்ற பழைய ஐயம் மீண்டும் உயிர்பெறும். அங்கே கலந்துபேசுவது காலவிரயமா? இல்லை, அதுவே கட்டடத்தின் அடித்தளம்.

நம் பள்ளிகளுக்கும் இதில் பாடம் இல்லையா? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், முடிந்துபோன முடிவுக்குக் கையுயர்த்தச் சொல்வதைக் கலந்துரையாடல் என்கிறோம். பிறகு, "பெற்றோர் ஒத்துழைப்பதில்லை" என்று குறைப்படுகிறோம். போர் காணாத நமக்கே இந்நிலை என்றால், போர் கண்டவர்களுக்கு இரும்புக்கரத்தைப் பரிந்துரைக்க நாம் யார்?

"கட்டுவார்கள்" என்று அன்று அந்தச் சிறுமியிடம் சொன்னேன். யாரைக் கேட்டுக் கட்டுவார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.