கூலியும் அன்பும்

வேலை செய்வது வயிற்றுக்காக, சந்தோஷமாக இருப்பது ஞாயிற்றுக்கிழமைக்காக என்று வாழ்க்கையை இரண்டாகப் பங்கிட்டுக்கொள்வது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. "காசுக்குச் செய்கிற காரியத்தில் அன்பு ஏது?" என்று கேட்போர் பலர். அன்பினால் செய்தது என்றால் இனாமாகச் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொந்தச் சொத்தையாவது இழந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். இது எவ்வளவு தூரம் சரி என்று ஆராய, கம்பம் பள்ளத்தாக்கைக் காட்டிலும் ஏற்ற இடம் வேறு இல்லை.

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாக மலையடிவாரத்துக்குப் போகிறவர்கள், வழியெல்லாம் நெல் வயல்களையும் தென்னந்தோப்புகளையும் திராட்சைப் பந்தல்களையும் காணலாம். சாலை மலையேறத் தொடங்கும் லோயர் காம்ப்பில், 2013-ம் ஆண்டில் திறக்கப்பட்ட மணிமண்டபம் ஒன்று இருக்கிறது. அது கர்னல் ஜான் பென்னிகுவிக் என்ற ஆங்கிலேய இஞ்சினீயரின் ஞாபகமாகக் கட்டப்பட்டது. பள்ளத்தாக்கில் அவர் படம் மாட்டிய வீடுகள் உண்டு. அவர் பெயரைத் தாங்கிய பிள்ளைகளும் உண்டு. அவர் பிறந்த ஜனவரி 15-ந் தேதியன்று உழவர்கள் பொங்கல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நம்மை அடக்கி ஆண்ட அரசாங்கத்தின் ஊழியர் ஒருவருக்குச் சுதந்திர நாட்டின் குடிகள் பொங்கல் வைப்பது விந்தை அல்லவா?

காரணம் தண்ணீர்தான். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் வதைபட்ட சீமை இது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை அணையிட்டு மறித்து, மலையினூடே ஏறக்குறைய 5,700 அடி நீளம் சுரங்கம் குடைந்து, நீரைக் கிழக்கே திருப்பினார்கள். 1887-ல் ஆரம்பித்த வேலை 1895-ல் முடிந்தது. அரைகுறையாகக் கட்டியவற்றை வெள்ளம் பலமுறை அடித்துக்கொண்டு போயிற்று. இன்று பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்த நீரை நம்பி இருக்கிறது.

பணம் போதாமற்போகவே பென்னிகுவிக் தம் சொத்துக்களை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். செலவு செய்தது சென்னை அரசாங்கம். அவர் சொத்து விற்றதற்கு ஆதாரம் அகப்படவில்லை என்கிறார்கள் சரித்திரம் ஆராய்ந்தவர்கள். அரசாங்கத்துக்கோ வரி வருமானத்தில் கண் இருந்தது. பின் ஏன் இந்தக் கதை பிறந்தது? சம்பளம் வாங்கியவன் இத்தனை சிரத்தையோடு செய்திருப்பான் என்று நம்ப ஜனங்களுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் அவர் சொத்தை அவர்களே விற்றுவிட்டார்கள்!

நமக்கு அந்தக் கதை தேவையில்லை என்று தோன்றுகிறது. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே, வெள்ளம் இடித்ததை மறுபடி கட்டி, தாம் கண்டறியாத தலைமுறையின் வயலுக்குத் தண்ணீர் விட்டார் என்பதே போதுமான பெருமை. கூலி அன்பைக் கெடுப்பதில்லை. 'இது யாருக்குப் போய்ச் சேரும்?' என்ற நினைப்பை விடும்போதுதான் அன்பு கெடுகிறது. பதில் கடிதத்துக்காக ஒருவன் காத்திருப்பான் என்று நினைக்கும் குமாஸ்தாவும், பள்ளியிலிருந்து பசியோடு வரும் குழந்தையை நினைத்து உலை வைக்கும் தாயும் அந்த இஞ்சினீயருக்கு எவ்விதத்திலும் தாழ்ந்தவர்கள் அல்லர். சந்தோஷம் என்பது அந்த நினைப்போடு கூடவே வருவது. தனியாகத் தேடினால் கிடைப்பதில்லை.

ஆனால் இந்த உபதேசத்தை யாரிடம் சொல்கிறோம் என்பதில் ஜாக்கிரதை வேண்டும். அணை கட்டிய காட்டில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் இரையான கூலியாட்கள் நூற்றுக்கணக்கானோர். அவர்களை மலையேற்றியது பசி. அவர்களுக்கு மண்டபமும் இல்லை, பொங்கலும் இல்லை. இன்றும் இருள் பிரியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு, கேரள எல்லைக்கப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் இப்பள்ளத்தாக்கில் ஏராளம். நம் வீட்டுப் பாயசத்தில் மணப்பது அவர்கள் உழைப்பு. அவர்களைப் பார்த்து, "அம்மா, வேலையை நேசியுங்கள், சந்தோஷம் வரும்" என்று சொல்ல நமக்கு வாய் கூசவேண்டும்.

அவர்கள் விஷயத்தில் கடமை நம்முடையது. நியாயமான கூலியும், பத்திரமான பிரயாணமும், வயோதிகத்தில் ஒரு பிடி சோறும் நிச்சயமானால், வேலையை நேசிப்பதா வேண்டாமா என்பதை அவர்களே தீர்மானித்துக்கொள்வார்கள். உழைப்பில் அன்பு வேண்டும் என்று பேசுகிற நாம், உழைக்கிறவர்மேல் அன்பு வைப்பதை முதலில் கற்றுக்கொள்வோம். வீட்டிலேயே அதைத் தொடங்கலாம்: இன்று இலையில் விழுந்த சோறு யாருடைய கைகளைக் கடந்து வந்தது என்று குழந்தைகளோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். சமைத்த கைக்குமுன் எத்தனை கைகள் என்பது அவர்களுக்கும் தெரியட்டும்.