தண்ணீர் புகாத ஷூவா, முள் ஏறாத ஷூவா?

விளையாட்டு ஷூ விற்கிற கடையில் விலை உயர்ந்த ஜோடியை எடுத்துக் காட்டும்போது அடிக்கடி காதில் விழுகிற வசனம் ஒன்று உண்டு. "இது வாட்டர்ப்ரூஃப் தம்பி, சொட்டுத் தண்ணி உள்ள போகாது!" கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஷூவை வாங்கிக்கொண்டு போய் விளையாடப் போவது எங்கே? அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் காட்டில். வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் தரை காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் பூமி அது. அங்கே காலுக்கு எதிரி தண்ணீரா, முள்ளா?

வாட்டர்ப்ரூஃப் ஷூ ஏமாற்று வேலை என்று யாரும் சொல்ல முடியாது. அது பிறந்த இடத்தில் அதற்கு நியாயம் இருக்கிறது. டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு உண்டு. கோல்ஃப் மாதிரிதான், ஆனால் பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. 1975ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இதற்கான முதல் நிரந்தர மைதானம் வந்தது. ஆடுபவர்கள் பனி சொட்டும் புல்லிலும், ஈர மரக்காட்டிலும் மணிக்கணக்கில் நடக்க வேண்டும். அவர்களுக்குத் தண்ணீர் புகாத ஷூ அவசியம். தட்டு புதருக்குள் போனால் தேடிப் போகவும் வேண்டும்.

புதருக்குள் போய்த் தேடுவதில் மட்டும் கரிசல் காட்டு கிரிக்கெட்டும் அதே ஜாதிதான்! நீர் வற்றிய கண்மாய்தான் மைதானம். சுற்றிலும் சீமைக்கருவேல். சிக்ஸர் அடித்தவன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். பந்தை எடுக்க உள்ளே நுழைகிறவன் காலைத்தான் முள் பதம் பார்க்கும். கருவேல முள் சாதாரண முள் இல்லை. ஹவாய் செருப்பின் மெத்தென்ற ரப்பரை ஒரே மிதியில் துளைத்துக்கொண்டு பாதத்தைத் தொட்டுவிடும். பாதி ஒடிந்து செருப்புக்குள்ளேயே தங்கி, இரண்டு நாள் கழித்து வேறு ஒரு மிதியில் மறுபடி குத்தும்.

இந்த ஊர்க்காரர்கள் இதற்கு ஒரு விடை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். டயர் செருப்பு! பழைய டயரை அறுத்து, வார் வைத்து ஆணி அடித்துக் கொடுப்பார்கள். டயருக்குள் வெறும் ரப்பர் மட்டும் இல்லை. கெட்டியான நூல் அடுக்குகளும் உண்டு. முள் அங்கே வந்து நின்றுவிடும். விறகு வெட்டுகிறவர்களும் கரிமூட்டம் போடுகிறவர்களும் அதைப் போட்டுக்கொண்டு முள்காட்டில் சாதாரணமாக நடந்தார்கள். அழகு இல்லை, கனம் அதிகம், போட்டுக்கொண்டு ஓட முடியாது, பக்கவாட்டில் வருகிற முள்ளைத் தடுக்காது. எல்லாம் உண்மை. ஆனால் அதைச் செய்தவருக்கு எந்தத் தரைக்குச் செய்கிறோம் என்று தெரிந்திருந்தது. இன்றைக்கு ஷூ வாங்குகிறவர்கள் அந்தப் புத்தியைத்தான் கடன் வாங்க வேண்டும், டயரை அல்ல.

சரி, மழைக்காலத்துக்காவது வாட்டர்ப்ரூஃப் உதவுமே என்று கேட்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் மழை பெய்தால் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். கரிசல் மண் தண்ணீரைக் குடித்து உப்பிப் பசையாகிவிடும். பத்து அடி நடப்பதற்குள் ஷூவின் அடியில் இன்னொரு ஷூ ஒட்டிக்கொள்ளும்!

இப்போது வாட்டர்ப்ரூஃப் சமாச்சாரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். 1969ல் ராபர்ட் கோர் என்பவர் சூடேற்றிய டெஃப்லானை வெடுக்கென்று இழுத்தபோது அது நுண்துளைகள் நிறைந்த படலமாக விரிந்தது. பிறகு கோர்-டெக்ஸ் என்று உலகப் புகழ் பெற்றது அதுதான். நீர்த்துளி உள்ளே வர முடியாத அளவு சின்னத் துளைகள், ஆனால் வியர்வை ஆவி வெளியேற அது போதும். இதில் ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே இருப்பதை விட வெளியே ஈரப்பதம் குறைவாக இருந்தால்தான் ஆவி வேகமாக வெளியேறும். மழைக்காலப் புழுக்கத்தில் அந்த வித்தியாசம் குறைந்துவிடும். மேலே சேறு அப்பிக்கொண்டால் வழியும் அடைபட்டுவிடும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஷூவின் மேலேயே இருக்கிறது. கால் நுழைகிற வாய்! கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஒருமுறை இறங்கினால் போதும், ஷூ நிறைந்துவிடும். உள்ளே வராமல் தடுக்கிற அதே படலம் இப்போது வெளியே போகவும் விடாது. ஈரத்தில் ஊறிய கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்து நிற்கும். சில மடங்கு விலை கொடுத்து வாங்கிய பலன் இதுதான்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் அடிப்பாகம். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். மெத்தை போல அமுங்கினால் அது சிமெண்ட் தரைக்கும் ஓடுதளத்துக்கும் செய்தது. வெளி அடுக்கு கெட்டி ரப்பராக, பாதம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். பற்கள் ஆழமாக, நெருக்கமாக இருந்தால் கரிசல் சேறு அடைத்துக்கொள்ளும். இடைவெளி விட்டு இருந்தால் உதிர்ந்துவிடும்.

இரண்டாவது மேல்பாகம். வலைத்துணி காற்றோட்டமானதுதான், ஆனால் முள் கிழித்துவிடும். விரல் பக்கம் கெட்டியாக மூடி, மேலே மட்டும் துணி இருந்தால் நல்லது. நனைந்தாலும் சீக்கிரம் காய வேண்டும். தண்ணீர் புகாமல் இருப்பதை விட, புகுந்த தண்ணீர் சீக்கிரம் போவதுதான் இங்கே முக்கியம்.

மூன்றாவது ஒட்டு. வெறும் பசையில் நிற்கிற அடிப்பாகம் அந்த வெயிலில் வாயைப் பிளந்துவிடும். ஓரம் தைத்திருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வாங்கியவுடனே செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒரு சுற்றுத் தைத்துவிடலாம். நனைந்த ஷூவை வெயிலில் போடாமல், உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் காயவைத்தால் ஆயுள் கூடும்.

நான்காவது அளவு. "வளர்ற பையன், ரெண்டு நம்பர் பெருசா வாங்கு" என்கிற வீட்டுப் பொருளாதாரம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் உள்ளே ஆடுகிற கால் குதிகாலைத் தேய்த்துக் கொப்புளமாக்கும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது.

இதெல்லாம் ஷூ வாங்க முடிந்தவர்களுக்கு. முடியாதவர்கள்?

"அந்தக் காலத்தில் வெறுங்காலோடதான் ஆடினோம், கால் உரமேறிடும்" என்று சொல்கிற பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணியில் பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள். யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றார்கள். அதன் பிறகுதான் இங்கே பூட்ஸ் கட்டாயமானது. மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி ஆரம்பத்தில் வெறுங்காலுடன் ஓடி, 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடர் ஓட்டம் வரை போனார். அவர் சாதனைக்குத் தலைவணங்க வேண்டும். ஆனால் அந்தக் கதையைச் சொல்லி இன்னொரு பிள்ளைக்கு ஷூ வாங்கிக் கொடுக்காமல் இருப்பது அநியாயம். அவர் வெறுங்காலால் ஜெயிக்கவில்லை, வெறுங்காலையும் மீறி ஜெயித்தார். முள் குத்திப் பாதியில் நின்றுபோனவர்கள் கதையை யாரும் எழுதுவதில்லை.

கிராமத்து கிரிக்கெட் அணிகள் வசூல் பண்ணினால் முதலில் வாங்குவது முதுகில் பேர் போட்ட ஜெர்சி. பிறகு பேட். ஷூவுக்கு மட்டும் வசூல் கிடையாது, அது அவனவன் பாடு! பள்ளி ஷூவில் விளையாடினால் வீட்டில் திட்டு விழும் என்று அதை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு ஆடுகிற பையன்கள் எத்தனை பேர்! ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற மாநிலம் இது. இங்கே ஒரு கண்மாயில் பதினோரு பேரில் பாதிப் பேர் வெறுங்காலில் நிற்பது கௌரவம் இல்லை.

அடுத்த டோர்னமெண்ட்டுக்கு ஜெர்சி ஒரு வருஷம் தள்ளிப் போகட்டும். அந்தக் காசில் அடி கெட்டியான ஷூ நான்கைந்து ஜோடி வாங்கிப் பொதுவில் வைக்கலாம், பேட்டைப் பொதுவில் வைப்பது போல. பந்து எடுக்கப் போகிறவன் அதைப் போட்டுக்கொண்டு போகட்டும். தண்ணீர் புகுந்தால் புகுந்துவிட்டுப் போகட்டும், காய்ந்துவிடும். முள் ஏறாமல் இருந்தால் போதும்.