லாரியில் வரும் வீடும் சன்னலில் வரும் காற்றும்

சென்ற மாதம் என் அத்தான், ஒசூர் சாலைப் பக்கம் வாங்கிய மனையில் ஒரு வீடு நிறுத்தப் போவதாகச் சொன்னார். கட்டப் போவதாக அல்ல, நிறுத்தப் போவதாக! செங்கல்லும் இல்லை, கொத்தனாரும் இல்லை. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே நுரைப்பொருள் அடைத்த பலகைகள் தொழிற்சாலையிலிருந்து லாரியில் வரும். இரும்புச் சட்டத்தில் பூட்டுவார்கள். சில வாரங்களில் பால் காய்ச்சலாம். ஊரிலிருந்து அம்மாவையும் அழைத்து வந்து அங்கேயே வைத்துக்கொள்வதென்று அக்காவும் அத்தானும் முடிவு செய்திருக்கிறார்கள். பொறியியல் படிப்பவன் என்பதால் கேள்வி என் தலையில் விழுந்தது: "தம்பி, அறைக்கு எத்தனை டன் ஏ.சி. போடலாம்?"

"கேள்வியே பிசகு அத்தான்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று அவரிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதுகிறேன். நம்மில் பலர் நாளை வீடு கட்டப் போகிறவர்கள். சிலர் பிறருக்கு வீடு வரைந்து கொடுக்கப் போகிறவர்கள்.

பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது. சென்னை வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண்டலம், நம் நகரம் மிதமான மண்டலம். ஏப்ரலில் பகல் வெப்பம் 34 பாகையைத் தொட்டாலும் இரவில் 22 பாகை அளவுக்கு இறங்கிவிடும். 2016 ஏப்ரலில் 39.2 பாகை ஏறியதும் உண்டு. 1884 ஜனவரியில் 7.8 பாகைக்கு இறங்கியதும் உண்டு. அவை விதிவிலக்குகள். கணப்பு இங்கே வேண்டுவதில்லை. ஒரு கம்பளி போதும். அப்படியானால் இந்த ஊரில் ஏ.சி. ஏன் அவசியமாகிறது? வீட்டை அவ்வாறு செய்துவிடுவதால்தான்.

பழைய கல் வீட்டைப் பாருங்கள். கனத்த சுவர் பகல் வெப்பத்தை மெல்ல உறிஞ்சி வைத்திருந்து, இரவின் குளிரில் மெல்ல வெளியே விடும். நுரைப் பலகைக்கு அந்தக் கனம் இல்லை. அது வெப்பத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. விற்பவர் சொல்வது அந்த மட்டில் உண்மை. ஆனால் தடுப்பு இருபுறமும் வேலை செய்யும் அன்றோ! வெந்நீர்க் குடுவை குளிரை உள்ளே விடுவதில்லை. சூட்டை வெளியேயும் விடுவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் விடுகிறான். நால்வர் இருக்கும் கூடத்தில் அது 400 வாட். அடுப்பு, குளிர்ப்பெட்டி, சன்னல் வழி விழும் வெயில் எல்லாம் சேர்ந்தால் அது எங்கே போகும்? காற்றோடுதான் போக வேண்டும். இரவு பத்து மணிக்கு வெளியே 24 பாகை இருக்கும்போது உள்ளே புழுங்கிக்கொண்டு ஏ.சி.யை ஓட்டுவது, ஆற்றங்கரையில் நின்று தண்ணீரை விலைக்கு வாங்குவது போன்றது. ஏ.சி. வேண்டாமென்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: வீடுகளில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது.

வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கூடத்தில் இரண்டு சன்னல்கள், இரண்டும் ஒரே சுவரில்! அதுவும் நகர்த்தும் சன்னல்கள், பாதிதான் திறக்கும். எதிர்ச்சுவரில் வழியில்லாவிட்டால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதை' மிதமான மண்டலத்திற்குத் தரைப்பரப்பில் எட்டில் ஒரு பங்கு திறக்கும் சன்னலாக இருக்க வேண்டும் என்கிறது. இருபது சதுர மீட்டர் கூடத்திற்கு இரண்டரைச் சதுர மீட்டர். வரைபடத்தில் அதில் பாதிகூட இல்லை. கூடுதல் சன்னலுக்குத் தனி விலையாம். செங்கல் வீட்டில் பிறகு ஒரு நாள் சுவரை இடித்துச் சன்னல் வைத்துவிடலாம். தொழிற்சாலைப் பலகையில் அது எளிதல்ல. துளை எங்கே என்பதைப் பலகை வெட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எங்கே என்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. நாம் 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆகவே கோடையில் அதிக வெயிலை வாங்குவது கூரை; அடுத்தது கிழக்கு, மேற்குச் சுவர்கள். ஆனால் இந்த ஊர்க் காற்றோ மழைக்காலத்தில் மேற்கிலிருந்தும், குளிர்காலத்தில் கிழக்கிலிருந்துமே பெரும்பாலும் வருகிறது. வெயில் வரும் பக்கமே காற்றும் வரும் பக்கம்! அதனால் அந்தப் பக்கங்களில் சன்னல் வைத்து, வெளியே நீண்ட நிழற்கூரையோ ஜாலியோ அமைப்பதே வழி. கூரைக்கு வெள்ளைப் பூச்சு. இவை அனைத்துக்கும் ஆகும் செலவு இரண்டு ஏ.சி. விலையைத் தாண்டாது என்பது என் கணக்கு.

குளியலறையில் எரிவாயு கீசர் வைக்கலாம், மின்சாரச் செலவு மிச்சம் என்று அத்தான் சொன்னபோதுதான் எனக்குத் திக்கென்றது. இடுக்கில்லாமல் பூட்டிய வீட்டில், காற்றுப் போக்கில்லாத குளியலறையில் எரிவாயு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. இந்த நகரத்திலேயே அவ்வாறு குளிக்கப் போனவர்கள் பிணமாக வந்த செய்தியை ஒன்றுக்கு மேற்பட்ட முறை படித்திருக்கிறோம். முதலில் குளிக்கப் போகிறவள் என் அம்மா. இந்த ஒரு விஷயத்தில் நான் வாதம் செய்யவில்லை; கெஞ்சினேன்.

இங்கே ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஜெர்மனியிலிருந்து வெளியேறி 1939இல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்த ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர், இந்திய விஞ்ஞானக் கழகத்தின் உலோகவியல் துறைக் கட்டடம் போன்றவற்றை இங்கே வரைந்தவர். 1948இல் மத்திய அரசின் வீட்டுவசதி இயக்குநராக டில்லி சென்று, அகதிகளுக்கு வீடு கொடுக்கத் தொழிற்சாலையில் சுவர்ப் பலகை வார்க்கும் திட்டத்தை நடத்தினார். பலகைகள் உறுதியாக அமையவில்லை; கண்டனம் எழுந்தது; 1951இல் அவர் லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே வெப்பநாட்டு வீடுகளைப் பற்றிப் பாடம் நடத்தி, எழுபதுகளில் நண்பர்களோடு ஒரு கையேடும் எழுதினார். வெயிலையும் காற்றையும் கணக்கிட்டுவிட்டுப் பிறகு சுவரை வரை என்று கற்பிக்கும் நூல் அது. அத்தானுக்கு அதை நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். படங்களை மட்டும் பார்த்தார். போதும்!

ஆயத்த வீடு ஆகாது என்று நான் சொல்லவில்லை. அல்சூர் கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் இயந்திரமே அச்சிட்ட 1,021 சதுர அடி அஞ்சலகம் 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, போய்ப் பாருங்கள். விரைவாகக் கட்டுவது இனி நிற்காது. என் கவலை வேறு. அத்தானுக்கு இத்தனை யோசனை சொன்ன நான், அன்று மாலை விடுதிக்குத் திரும்பும் வழியில் நம் வளாகத்துப் புதுக் கட்டட வேலைக்காரர்களின் கொட்டகைகளைக் கடந்தேன். அவையும் லாரியில் வந்த வீடுகள்தாமே! ஒற்றைத் தகடு, நுரையும் இல்லை, சன்னலும் இல்லை. மே மாதப் பகலில் அந்தத் தகட்டில் கை வைக்க முடியாது. உள்ளே ஒரு குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாய் பேசிய தமிழ் தர்மபுரித் தமிழ். கட்டடத் தொழிலாளருக்கு வேலையிடத்தருகே தங்குமிடம் தர வேண்டுமென்று 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதினார்கள். தங்குமிடத்தில் மூச்சு விட வழி வேண்டுமென்று யார் எழுதுவது?

செலவு அதிகமில்லை. தகட்டுக் கூரைக்கு மேல் ஓர் அடி இடைவெளி விட்டு ஓலையோ பழைய தகடோ இரண்டாம் கூரையாகப் போடலாம்; எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு சன்னல் வெட்டலாம். ஒப்பந்தக்காரர் இதைச் செய்யாவிட்டால் கொட்டகை அமைக்க அனுமதி இல்லை என்று நிர்வாகம் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. அந்த ஒரு வரியைக் கேட்டு நம் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டு வருகிறேன். வழிமொழிய ஓர் ஆள் வேண்டும்.