ஆட்டிறைச்சி பிடிக்காதவரைக் கேலி செய்யாதீர்கள்



ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் நம் வீடுகளெல்லாம் ஆட்டிறைச்சி மணக்கும். சிலருக்கு அந்த மணமே குமட்டும். ஒரே சஹனில் ஆறு பேர் உட்காரும்போது ஒருவர் கையை இழுத்தால், "இறைச்சி திங்காத முஸ்லிமா?" என்று சிரிக்கிறோம். பிள்ளைகளையும் விடுவதில்லை. நபி (ஸல்) அவர்கள் முன் சுட்ட உடும்பு வைக்கப்பட்டபோது, அது ஹராமல்ல, தம் ஊரில் இல்லாததால் மனம் ஏற்கவில்லை என்று கையை எடுத்துக்கொண்டார்கள். காலித் பின் வலீத் (ரழி) அவர்கள் அதையே எடுத்துச் சாப்பிட்டார்கள். இது புஹாரியிலும் முஸ்லிமிலும் உள்ளதுதானே?

வாடைக்குப் பயந்து மசாலாவை அள்ளிக் கொட்டுவதும் வீண். வாடை பெரும்பாலும் கொழுப்பில்தான் இருக்கிறது. முற்றிய கிடா என்றால் இன்னும் கூடும். வெள்ளைக் கொழுப்பையும் சவ்வையும் வெட்டி எடுத்துவிடுங்கள். (புரியாணிக்குக் கொழுப்பு வேண்டும் என்று உம்மாமார் சண்டைக்கு வருவார்கள், தெரியும்.) தயிர், இஞ்சி, உள்ளி பிரட்டி ஓர் இரவு பிரிட்ஜில் வையுங்கள். ரம்பை, கறுவா போட்டு ஆக்கி, மேலே மிதக்கும் எண்ணெயை அள்ளிவிடுங்கள். சூட்டோடு வையுங்கள், ஆறினால் கொழுப்பு உறைந்து நாக்கில் ஒட்டும்.

அப்படியும் வேண்டாம் என்கிற பிள்ளைக்கு ஒரு முட்டையைப் பொரித்துக் கொடுங்கள்.